பெயரின் கீழே வைத்த விரல்

செய்தி வந்த காலையில் நான் திரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சி தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை அது. முதல் திரை முடிந்து, இரண்டாவதற்குத் துணியை மடிக்கும்போது தொலைபேசி அடித்தது. எங்கள் மாணவி யதுர்சிகா. நேரில் பேசவே தயங்குகிற பிள்ளை. காரணமில்லாமல் அழைக்க மாட்டாள்.

"அக்கா, புவனண்ணன்…" என்றாள்.  பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஏன், இண்டைக்கு வரமாட்டாராமா?"

"அவர் இல்லையாம் அக்கா. விடியக்குள்ள நெஞ்சுக்குள்ள ஏலாம வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ள…"

அந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் கேட்டது இதுதான்: "கை உளைஞ்சதாமா? இடது கையா?"

 அவள் மெல்லிய குரலில், "அக்கா, நீங்களும் கண்டீங்களா?" என்றாள்.

"ஓம்" என்றேன். துணியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அழுகை மத்தியானம் வந்தது. அதுவரைக்கும் என்னிடம் இருந்தது வெட்கம் மட்டும்தான். இதை எழுதுகிற இன்றும் அதுதான் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் பயிற்சியாளர் புவனண்ணனின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி அவருடைய துணைவியார் இந்திராக்கா கேட்டார். "எல்லாரும் நல்ல மனிசன், தங்கமான மனிசன் எண்டுதான் எழுதித் தந்திரிக்காங்க. அவர் என்ன வேலை செய்தவர் எண்டு ஊரில ஒருத்தருக்கும் விளங்கல்ல. நீ வேலையப் பத்தி எழுது புள்ள. பிழையையும் எழுது. அத விட்டுட்டு எழுதினா அந்த மனிசனுக்குக் கோவம் வரும்" என்றார். அவருடைய சொற்படியே எழுதுகிறேன்.

புவனேந்திரன் அண்ணன் அவர்கள் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரையில், காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரும் மீன்பிடியுமாக வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். யுத்த காலத்தில் இளைஞராக நாட்டை விட்டுப் போய், குளிர்நாடு ஒன்றின் அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தொடக்கத்தில் குழாய்களுக்கிடையே நடந்து வால்வுகளைத் திறந்து மூடுகிற வேலை. பிறகு படித்து, பரீட்சைகள் எழுதி, உலையை இயக்குகிற கட்டுப்பாட்டு அறைக்குள் போனார். மாமியார் காலமானபின் களுதாவளை வீடு இந்திராக்காவின் பொறுப்புக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சேரும். ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். அண்ணனும் வெளிநாட்டு வேலையை விட்டு அந்த வீட்டுக்கு வந்தார். "பிறந்த நாளில இருந்து மத்தவங்கட வீட்டிலதான் இருக்கன். அதால எனக்கு எல்லா இடமும் வசதி" என்று சிரிப்பார்.

அவர் வந்து சேர்ந்த இடம் எங்கள் பயிற்சி அறை. அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் அணு உலை இல்லை. ஒருநாள் வரலாம் என்ற பேச்சு மட்டும் இருக்கிறது. அப்படி வந்தால் இயக்குபவர்களை எதில் பழக்குவது என்பதை ஆராய, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து எங்கள் துறை ஒரு சிறிய சிமுலேற்றரை அமைத்தது. சிமுலேற்றர் என்றால் கட்டுப்பாட்டு அறையைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு பொய் அறை. உள்ளே உலை கிடையாது. பின்னால் இருக்கிற கணினி உலையைப் போல நடிக்கும். வாவியைப் பார்த்த அந்தக் கட்டடத்துக்கு என்னை ஏற்றிவரும் ஆட்டோக்காரர் ஒருநாளும் கேட்காமல் விட்டதில்லை: "எங்க தங்கச்சி அந்த உலை? வாவிக்குள்ளயா ஒளிச்சு வச்சிரிக்கீங்க?"

அறையின் ஒரு சுவரில் உண்மையான சுவிச்சுகளும் கைபிடிகளும் விளக்குகளும் பொருத்திய பெரிய பலகை. ஆரையம்பதித் தச்சர் ஒருவர் செய்து தந்தது. எதிர்ச் சுவரில் அதே சுவிச்சுகள் படங்களாகத் தெரியும் பெரிய தொடுதிரைகள். எங்களுக்குள் ஒன்று 'பலகை', மற்றது 'கண்ணாடி'. மாணவர்களில் பாதிப்பேர் பலகையிலும் பாதிப்பேர் கண்ணாடியிலும் பழகுவார்கள். எதில் பழகியவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்ப்பது ஆய்வு. நான் ஆய்வு உதவியாளர். கண்ணாடி என் பொறுப்பு. அண்ணன் பலகைக்குப் பொறுப்பு. இந்த மாவட்டத்தில் உண்மையான உலையின் முன் நின்ற ஒரே மனிதர் அவர்தான், அதை அவர் யாரையும் மறக்க விட்டதில்லை.

முதல் நாள் என் ஊரைக் கேட்டார். பனிச்சங்கேணி என்றேன்.

"அடி, நம்மட பக்கத்துப் புள்ள! அப்ப என்னத்துக்கு இவ்வளவு மெதுவாக் கதைக்கிறாய்? அந்தக் காத்துக்குள்ள இப்பிடிக் கதைச்சா ஆருக்குக் கேக்கும்?"

நான் சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். அதன்பின் என்னைக் காணும் போதெல்லாம், "வாசிச்சு வாசிச்சு வாய் ஒட்டிப்போச்சு இந்தப் புள்ளைக்கு" என்பார். அதில் உண்மை இருந்தபடியால் நான் மறுத்துப் பேசியதில்லை.

அண்ணன் அடக்கமானவர் அல்லர். எங்கள் வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிவார். அதில் ஒரு மடிப்புக் கலைந்திருக்காது. அவர் வருவதற்கு முன் அவருடைய வாசனை படியேறி வரும். தான் செய்ததைச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனால் பலகைக்கு முன்னால் போனதும் வேறு மனிதராகிவிடுவார். எந்தச் சுவிச்சையும் நேராகப் போய்ப் பிடிக்க மாட்டார். முதலில் அதன் பெயர்த் தகட்டின் மேல் விரலை வைப்பார். பெயரை உரக்கச் சொல்வார். என்ன செய்யப்போகிறார் என்பதையும் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கை கைபிடிக்குப் போகும். "விரல் பேரில, வாய் சத்தத்தில, மறுகாத்தான் கை" என்பார்.

அந்தப் பழக்கம் அறைக்கு வெளியிலும் அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிளில் போகும்போது சுட்டுவிரலை நீட்டி, "இடப்பக்கம் கிறுகப் போறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். ஒருமுறை நாங்கள் எல்லாரும் களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், அவருடைய வீட்டில் சாப்பிட்டோம். "காஸ் மூடினன்" என்று குசினியிலிருந்து ஒரு குரல் வந்தது. இந்திராக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "பாத்தீங்களா? கறிக்கு உப்புப் போடுறதுக்கும் இந்த மனிசன் அறிவிப்புச் செய்யும். நான் திருப்பிச் சொல்லாட்டி உப்புப் போடாது."

"திருப்பிச் சொன்னதாலதான் இண்டைக்கு உப்பு அளவா இருக்கு" என்றார் அண்ணன்.

பலகையா கண்ணாடியா என்பதில் எங்கள் இருவருக்கும் நாள்தோறும் வாக்குவாதம் நடக்கும். பலகையில் ஒவ்வொரு கைபிடிக்கும் ஒரு வடிவம், ஒரு கனம். திருப்பும்போது கைக்குள் ஒரு தடை, பிறகு ஒரு சத்தம். கண் வேறெங்கோ இருந்தாலும் எதைப் பிடித்திருக்கிறோம் என்று கைக்குத் தெரியும். கண்ணாடியில் எல்லாமே ஒரே வழுவழுப்பு. ஆனால் கண்ணாடி மலிவு. ஓர் உலையின் அறையை எடுத்துவிட்டு இன்னோர் உலையின் அறையை அதே திரையில் கொண்டுவரலாம். கைத்தொலைபேசியோடு வளர்ந்த எங்கள் மாணவர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இவற்றை நான் சொன்னால் அண்ணன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்:

"பலகைக்கு முன்னால நிக்கிறவன்ட முதுகப் பார் புள்ள. அவன் எங்க போறான், எதுக்குக் கைய நீட்டுறான் எண்டு அறையில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பிழையான இடத்துக்குப் போனா மத்தவன் நிப்பாட்டலாம். கண்ணாடியில ஆளுக்கு ஆள் தன்ட திரையத்தான் பாக்கிறான்."

நிப்பாட்டுவது பற்றி அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு அது முதல் ஆண்டு. பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, கையைப் பக்கத்துச் சுவிச்சுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவருக்குக் கீழே வேலை பழகிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி, "நிறுத்து, கையை எடு" என்று சத்தம் போட்டிருக்கிறாள். அறையே திரும்பிப் பார்த்தது. அந்த வேளைப் பணிக்குப் பொறுப்பானவர் எல்லார் முன்னிலையிலும் அவளுக்கு நன்றி சொன்னார். பிறகு, உடனே கையை எடுத்ததற்காக அண்ணனுக்கும் நன்றி சொன்னார்.

"உங்களுக்கு வெக்கமா இருக்கல்லயா அண்ணே?" என்று யதுர்சிகா கேட்டாள்.

"வெக்கமா? கோவம் புள்ள, கோவம்! ஒரு பெட்டைச்சி என்னைப் பாத்து… வீட்ட வந்து சோறும் தின்னல்ல. மறுகா யோசிச்சன். அவள் வாய மூடிக்கொண்டு மரியாதையா நிண்டிருந்தா நான் என்ன ஆகியிருப்பன்?"

எங்கள் மாணவர்கள் அந்தக் கதையை ஏதோ வெளிநாட்டு வினோதத்தைக் கேட்பதுபோல் கேட்டார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

பிறகு ஒரு செயல்விளக்க நாள் வந்தது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் விருந்தினர்கள் வருவதாக இருந்தது. முதல் நாளே அண்ணன் முடி வெட்டியிருந்தார். "நாளைக்கு நம்மட மட்டக்களப்பப் பாத்து அவங்க வாயப் பிளக்கிறாங்களா இல்லையா எண்டு பார்" என்றார். அன்று கழுத்துப்பட்டியும் கட்டி வந்தார். பலகையில் அவர் காட்டிய ஒவ்வொரு அசைவும் அழகாக இருந்தது. விருந்தினர்கள் கண்ணாடியையும் பார்க்க விரும்பினார்கள். "அதையும் அண்ணனே காட்டட்டும்" என்று எங்கள் துறைத் தலைவர் சொல்லிவிட்டார்.

அண்ணன் கண்ணாடியில் அதிகம் பழகியவர் அல்லர். விருந்தினர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே, பல ஆண்டுப் பழக்கத்தில் விரலைப் பெயரின் மேல் வைத்தார். பலகையில் அது அறையிலேயே பாதுகாப்பான செயல். கண்ணாடியில் பெயரும் சுவிச்சின் படத்துக்குள்ளேதான் இருக்கும். அங்கே விரலை வைப்பதே கட்டளை. தொட்டால் தொட்டதுதான் என்பதை எங்கள் மாணவர்கள் முதல் நாளே கற்றிருந்தார்கள். யதுர்சிகா அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான் பின்மேசையில் இருந்தேன். விரல் இறங்குவதை நாங்கள் எல்லாரும் கண்டோம். அவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பம்பு நின்றது. ஒரு விளக்கு, பிறகு ஒரு வரிசை, பிறகு அலாரம்.

விருந்தினர் ஒருவர் மரியாதையாகச் சிரித்தார். துறைத் தலைவர் எழுந்து, "எப்படிப் பிழை வரலாம் என்பதை அண்ணன் வேண்டுமென்றே செய்து காட்டினார்" என்றார். அறையில் எல்லாருக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது. அண்ணனுடைய மானம் தப்பிவிட்டது என்று நானும் மூச்சு விட்டேன்.

அண்ணன் தலையை ஆட்டினார். "இல்ல சேர். வேணுமெண்டு செய்யல்ல. என்ட பிழை. பலகை எண்டு நினைச்சு விரல வச்சிட்டன்." அதையே ஆங்கிலத்தில் விருந்தினர்களுக்கும் சொன்னார். முகம் சிவந்திருந்தது. கழுத்துப்பட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவர்கள் தேநீருக்குப் போனபின் எங்களிடம் வந்தார். "என்ட விரல் இறங்கக்குள்ள நீங்க கண்டீங்களா?"

எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம்.

"கண்டிருக்கீங்க. ஏன் சொல்லல்ல?"

துவாரகன் என்ற மாணவன்தான் வாயைத் திறந்தான். "அவ்வளவு பேருக்கு முன்னால எப்பிடி அண்ணே? உங்களப் போய்…"

"என்னைப் போய்?" என்றார் அண்ணன். பிறகு வெளியே போய், வாவிப் பக்கத்து மதிலில் சாய்ந்து நின்றார். அவரை அப்படிக் கூனி நிற்க நான் அதற்கு முன் கண்டதில்லை. பிழை விட்டதற்காக மட்டும் அவர் அப்படி நிற்கவில்லை. நிப்பாட்ட ஒருவரும் இல்லாத அறையில்தான் அவ்வளவு நாளும் நின்றிருக்கிறார் என்பது அவருக்கு அன்று தெரிந்துவிட்டது.

செய்தி அவருக்கு முன்னமே களுதாவளைக்குப் போயிருந்தது. தேநீர்க் கடையில், "புவனேந்திரன் உலைய வெடிக்க வச்சிட்டானாம்" என்று ஒருவர் சொல்ல, "வெடிக்கல்ல மச்சான், நிண்டு போச்சு. வெடிச்சிருந்தா நீ இஞ்ச இருந்து பிளேன்ரீ குடிப்பியா?" என்று அண்ணன் கேட்டாராம். 

மறுநாள் காலை வழக்கமான வாசனை படியேறி வந்தது. அன்றிலிருந்து அவர் இரண்டு காரியங்களைத் தொடங்கினார். ஒன்று, கண்ணாடியில் பழகினார். விரலைப் பெயரின் மேல் வைக்காமல், பெயருக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில் வைக்கத் தன் கையைப் பழக்கினார். இத்தனை ஆண்டுப் பழக்கத்தை ஒரு விரல் அகலம் கீழே நகர்த்துவது எவ்வளவு கடினம் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தவறும்போதெல்லாம், "என்ட பிழை. எழுது" என்பார்.

மற்றது ஒரு பயிற்சி. பலகையிலோ கண்ணாடியிலோ வேலை செய்துகொண்டிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் பிழையான இடத்துக்குக் கையைக் கொண்டுபோவார். மாணவர்கள் நிப்பாட்ட வேண்டும். நிப்பாட்டினால் எல்லாருக்கும் இஞ்சிச் சோடா அவருடைய செலவில். நெடுநாள் ஒருவருக்கும் சோடா கிடைக்கவில்லை. சிலர் இருமினார்கள். சிலர் "அண்ணே…" என்று இழுத்துவிட்டு நிறுத்தினார்கள். ஒரு மாணவன், "அண்ணன் சரியாத்தான் செய்யிறீங்க, எண்டாலும் ஒருக்காப் பாருங்களன்" என்றான். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதச் சொல்லி முடியக்குள்ள உலை உருகிப் போயிரும் தம்பி!"

கடைசியில் துவாரகன்தான் கத்தினான். "அண்ணே, கைய எடுங்க! அது மூண்டாம் பம்பு!" கத்திவிட்டு, அடிவாங்கப் போகிறவன் போல் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணன் கையை எடுத்தார். கிறுகி நின்று அவனைக் கும்பிட்டார். அன்று சோடாப் போத்தல்களோடு வந்தவர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

யதுர்சிகாவால் மட்டும் முடியவேயில்லை. "உங்கட வயசுக்கு நான் எப்பிடி அண்ணே…" என்பாள்.

"இதுக்கு முன்னால நிக்கக்குள்ள எனக்கு வயசு இல்ல புள்ள. கைதான் இரிக்கு."

"நாளைக்குச் சொல்றன் அண்ணே."

"சரி. நாளைக்கு."

ஆய்வின் முடிவுகள் அண்ணன் எதிர்பார்த்தபடி வரவில்லை. கண்ணாடியில் பழகியவர்கள் அவர் பயந்த அளவுக்குப் பின்தங்கவில்லை. சில வேலைகளில் பலகை முந்தியது, சில வேலைகளில் கண்ணாடி. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்ப நான் சொன்னது பிழை. எழுது."

"முழுக்கப் பிழை இல்ல அண்ணே."

"அரைவாசிப் பிழையெண்டா அந்த அரைவாசிய எழுது. என்ட முகத்துக்காக எண்ணிக்கைய மாத்திப் போடாத, விளங்கிச்சா?"

கண்ணாடியின் குறைகளில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று கைவலி. நிமிர்ந்த திரைக்கு முன்னால் கையைத் தூக்கியபடியே நின்றால் தோளும் கையும் உளையும். மாணவர்கள் பலர் அதைச் சொல்லியிருந்தார்கள். கட்டுரையில் இந்த இடத்துக்கு வரத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இறப்பதற்கு முந்திய வாரங்களில் அண்ணனும் கை உளைகிறது என்று சொல்லத் தொடங்கினார். "இந்தக் கண்ணாடிக்கு முன்னால நிண்டா கை வலிக்குதுகா" என்று சொல்லிவிட்டுத் தேய்ப்பார். நாங்கள் தலையாட்டினோம். பலகைக்காரர் கண்ணாடியில் இன்னொரு குறையும் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்புக்கூட வந்தது. அதையும் மற்றவர்கள் சொன்னவற்றோடு சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் அண்ணன் கண்ணாடியைத் தொடுவது வலது கையால். அவர் தேய்த்தது இடது கையை.

அதை நான் கண்டேன். கண்ணாடிப் பக்கமே போகாத நாளிலும் அவர் தேய்ப்பதைக் கண்டேன். குளிரூட்டிய அறையில் அவருடைய சட்டைக் கழுத்து நனைந்திருந்ததைக் கண்டேன். படியில் பாதியில் நின்று, சுவரில் கை வைத்து, மேலே வந்ததும் "இந்தப் படியக் கட்டினவன் ஆர்?" என்று பகிடி விட்டதையும் கண்டேன். இதெல்லாம் என்ன என்று தெரியாத அளவுக்கு நான் வாசிக்காதவள் அல்ல. "அண்ணே, டொக்டரிட்டப் போங்க" என்பது நீளமான வசனமும் அல்ல. ஒருநாள் அது வாய்வரை வந்தது. அவர் வயதில் மூத்தவர், ஆண், தன் உடம்பைப் பற்றித் தானே பகிடி விடுகிறவர். நான் யார் அதில் தலையிட என்று நினைத்துக்கொண்டேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன்.

அவருடைய கடைசிப் பயிற்சி நாளில் கண்ணாடியில்தான் வேலை செய்தார். விரல் ஒருமுறைகூடப் பெயரின் மேல் போகவில்லை. அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். போகும்போது, "நாளைக்கு ஒரு பிழை விடுவன். ஆர் நிப்பாட்டுறீங்க எண்டு பாப்பம்" என்று யதுர்சிகாவைப் பார்த்துக் கண்ணடித்தார். வாசலில் நின்று இடது கையை ஒருதரம் உதறினார். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

செத்த வீட்டுக்கு எல்லாரும் போனோம். மணல் முற்றம் நிறையச் சனம். துறைத் தலைவர் தலைமாட்டில் நின்று அழுதார். பெண்கள் பக்கத்தில் நான் இந்திராக்காவின் அருகே இருந்தேன். சத்தம் கொஞ்சம் அடங்கிய நேரத்தில் அவர் என் கையைப் பிடித்தார்.

"கை உளையுது எண்டு உங்கக்கிட்டயும் சொன்னவரா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் யாரும் அதைப் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஓம் அக்கா. சொன்னவர். கண்ணாடியால எண்டு நாங்க நினைச்சம். ஆனா இடது கை எண்டு நான் கண்டனான். சொல்லல்ல."

அவர் என் கையை விடவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "எனக்கும் சொன்னவர். மோட்டார் சைக்கிள் ஓடுறதால எண்டு நானும் நினைச்சன்" என்றார். "மனசுக்குள்ள ஒண்டு உறுத்தினதுதான். கேட்டா எரிஞ்சு விழுவார் எண்டு விட்டிட்டன். எரிஞ்சு விழுந்திருப்பாரா புள்ள?"

"இல்ல அக்கா" என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு நாள் கோபப்பட்டிருப்பார். மறுநாள் எங்கள் எல்லாருக்கும் சோடா வாங்கி வந்திருப்பார்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்தபின் அறையை மறுபடியும் திறந்தோம். மாணவர்கள் சத்தமில்லாமல் வந்து தங்கள் இடங்களில் நின்றார்கள். செய்தி வந்த காலையில் நான் துடைக்காமல் விட்ட இரண்டாவது திரை அப்படியே இருந்தது. வாவிப் பக்க யன்னலை நான் திறந்தபோது வெளிச்சம் சாய்வாக வந்து, அணைந்திருந்த திரையில் விழுந்தது. அதில் விரல் அடையாளங்கள். மாணவர்களுடையவை சுவிச்சுகள் இருக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. அவற்றுக்கு ஒரு விரல் அகலம் கீழே, எதுவும் இல்லாத இடங்களில், இன்னொரு வரிசை. ஒவ்வொரு பெயரின் கீழும் ஓர் அடையாளம். அந்த வரிசையில் ஒன்றுகூடப் பெயரின் மேல் ஏறவில்லை.

அதை எல்லாரும் பார்த்தோம்.  நான் திரையை இயக்கினேன். பயிற்சியைத் தொடங்க வேண்டும். அவருடைய இடத்தில் யாராவது நிற்க வேண்டும். உரக்கப் பேசிப் பழக்கமில்லாத நான் போய் நின்றேன். அவர் விரல் பட்ட இடத்திலேயே என் விரலை வைத்தேன்.

"ரெண்டாம் பம்பு. நிப்பாட்டப் போறன்" என்றேன். பக்கத்தில் யதுர்சிகா நின்றாள். அவள்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. நான் விரலை மேலே நகர்த்தினேன்.

"அக்கா, கைய எடுங்க!"

அறை முழுக்கக் கேட்ட குரல். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"அது மூண்டு அக்கா. ரெண்டு இல்ல."

கையை எடுத்தேன். பார்த்தேன். மூன்றுதான். சோதிப்பதற்காக நான் அப்படிச் செய்யவில்லை, கண் கலங்கியிருந்தது. "என்ட பிழை" என்றேன்.  துவாரகன் கடைக்குப் போய் எல்லாருக்கும் இஞ்சிச் சோடா வாங்கி வந்தான். சிலர் குடித்தார்கள், சிலர் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நான் அந்தத் திரையைத் துடைத்தேன். அடுத்த நாளும் பயிற்சி இருந்தது.

அண்ணே, உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய சத்தம் அது. நீங்கள் சொன்ன 'நாளைக்கு' கடந்துபோன பிறகுதான் அது வந்தது. எங்கள் வெட்கத்தை இந்த மலரில் எழுதிவிட்டோம்; உங்கள் முகத்துக்காக எதையும் மாற்றவில்லை, எங்கள் முகத்துக்காகவும் மாற்றவில்லை.

போய்ட்டு வாங்க.